சட்டைப்பையில் தங்கிய சீட்டு

காலை ஏழு மணிக்குப் பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலி இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

"குளியலறைக்கு இந்தப் பச்சை வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? சோப்புக்கறை தெரியும். சாம்பல் கலர் எடுத்துக்குங்க. உடைஞ்சா மாத்திக்க ஆறு கல்லு சும்மா தரேன். அதுக்கும் மேல கேட்டா, நான் கடையை மூடிட்டு உங்க வீட்டுக்குத்தான் குடி வரணும்."

நாற்காலி மசியவில்லை போலிருக்கிறது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாடிக்கையாளர் எழுந்து போவது போல் நடித்தால் நாமும் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பது நாற்பது வருடத் தரைக்கல் வியாபாரத்தில் அவர் கற்ற பாடம்.

கடை இப்போது மகன் கையில். பெரியவருக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். நடை சின்னச் சின்ன அடியாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் தடியை ஊன்றி வாசல் கேட் வரை தினமும் போய் வருவார். தன் மீசையைத் தானே கத்தரித்துக்கொள்வார். கை நடுங்குகிற மனிதர் கத்தரிக்கோலைத் தூக்கினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மீசை மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும்.

மருமகள் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். காலை ஏழு, பதினொன்று, மாலை மூன்று, ஏழு என்று நாலு வேளை மாத்திரையும் அவள் பொறுப்பு. அலாரம் வைத்திருப்பாள்; பள்ளியில் இருக்கும் வேளைக்குப் போன் போட்டு மாமாவைச் சாப்பிட வைப்பாள். ஐந்து நிமிடம் தப்பாது.

நாற்காலி வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. முதலில் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "அப்பாவுக்கு இப்பத்தான் வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு" என்றான் மகன். அந்தத் திங்கட்கிழமை வாடிக்கையாளர்கள் போய்த் திருடர்கள் வந்தார்கள்.

மருமகள் மாத்திரையும் தண்ணீருமாகக் கதவைத் திறந்தபோது, பெரியவர் கண்ணுக்கு ஒருத்தன் கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. மேசை மேல் இருந்த கண்ணாடிப் படச் சட்டத்தை எடுத்து வீசினார். அவள் நெற்றியில் ரத்தம்.

"மாமா, நான்தான்!"

"மருமக மாதிரி வேஷமா? கிடங்கு சாவியைக் கீழ வை!"

அவள் அழவில்லை. நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு கணவனிடம் சொன்னாள்: "ஏங்க, இது சிரிக்கிற விஷயமில்ல. அந்த நரம்பு டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் போடுங்க."

போட்டான். டாக்டரம்மா வெளியூரில் மருத்துவ முகாமில் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே நிதானமாகச் சொன்னார்: "திடீர்னு இப்படி ஆனா முதல்ல சிறுநீர்ல கிருமி இருக்கான்னு பாக்கணும். இன்னிக்கே டெஸ்ட் குடுங்க. என் மாத்திரையை நிறுத்திடாதீங்க. காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் வியாழக்கிழமை பாக்கறேன். இன்னொண்ணு, இதுக்குன்னு வேற யாராவது மாத்திரை எழுதிக் குடுத்தா என்னைக் கேக்காம ஒண்ணு கூடக் குடுக்கக் கூடாது. சில மாத்திரை இவங்களுக்கு ஆகவே ஆகாது."

போனை வைத்ததும் மகன் மனைவியிடம் சொன்னது: "டெஸ்ட் எடுக்கணுமாம். வியாழக்கிழமை வரச் சொல்றாங்க."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன? மருந்தே குடுக்கல. சரக்கு இல்லாத கடைக்கு எதுக்குத்தான் போர்டு மாட்டறாங்களோ!"

கடைசி எச்சரிக்கையை அவன் சொல்லவில்லை. அவன் கெட்டவன் இல்லை. மனைவியின் நெற்றியைப் பார்த்துப் பயந்துபோனவன். வியாழன் வரை தாங்காது என்று முடிவு கட்டியவன். அந்தக் குடும்பத்தில் ஒரு வியாபார வழக்கம் உண்டு. பெரியவரே ஏற்படுத்தியது. கொள்முதலுக்குப் போனால், முதல் கடையில் வாங்கிய விலைச் சீட்டு சட்டைப்பையை விட்டு வெளியே வரக் கூடாது. இரண்டாவது கடைக்காரனுக்கு முதல் கடை ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அப்போதுதான் அவன் மனதில் இருப்பதைச் சொல்வான். இந்த வழக்கத்தால் அந்தக் குடும்பம் தழைத்தது. அன்று மாலை, அதே வழக்கத்தோடு மகன் மனநல டாக்டரிடம் போனான்.

"ஆளைக் கூட்டிட்டு வரலையா?" என்றார் டாக்டர்.

"வர மாட்டேங்கறார் சார். வந்தாலும், உங்க மடியில யார் உக்காந்திருக்கான்னு கேப்பார்."

டாக்டர் சிரித்தார். "நேர்ல பாக்காம நான் மருந்து எழுதறதில்ல."

"ஒரு மாசத்துக்கா கேக்கறேன்? ஒரு வாரத்துக்கு."

"முடியாது."

"நாலு நாள் சார். வெள்ளிக்கிழமை தூக்கிட்டாவது வரேன். வீட்டுப் பொம்பளைக்கு நெத்தி பிளந்திருக்கு. அடுத்த தடவை கண்ணுல பட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிராளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். மகனுக்கு அது பிறவிப் பாடம்.

"வேற வியாதி ஏதாவது இருக்கா? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

நரம்பு டாக்டரின் சீட்டு நாலாக மடிந்து மகனின் சட்டைப்பையில் இருந்தது. அதைக் காட்டினால் 'அவங்ககிட்டயே போங்க' என்பார். அந்தம்மாவுக்குத் தெரிந்தால் 'என் மேல நம்பிக்கை இல்லையா' என்பார். ரெண்டு கடையும் போய்விடும்.

"வயசுக்கு உண்டானதுதான் சார். பிரஷர் மாத்திரை ஒண்ணு. கை லேசா நடுங்கும்."

நடுங்கும் என்றதும் டாக்டரின் பேனா ஒரு நொடி நின்றது. அதற்குள் வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பேனா ஓடிவிட்டது. "ஹாலோபெரிடால். குறைஞ்ச அளவுதான், காலையும் சாயங்காலமும். வெள்ளிக்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வரணும்."

வழக்கமான மருந்துக்கடைக்குப் போனால் அங்கிருக்கும் அம்மா கேள்வி கேட்பார். அதனால் மகன் ஊரின் மறு கோடியில் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையில் பெயர் உள்ள பகுதியைக் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டான். கடையில் வரும் மாதிரிக் கற்களின் பின்னால் கம்பெனி பெயரைச் சுரண்டிவிட்டுத்தான் அடுக்கில் வைப்பார்கள்; கை தானாகச் செய்த வேலை அது.

"தூக்க மாத்திரை. தெரிஞ்சவர் ஒருத்தர் குடுத்தார்" என்றான் மனைவியிடம்.

"பேரு எங்க?"

"பேரைச் சாப்பிடப் போறாரா, மாத்திரையைச் சாப்பிடப் போறாரா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நெற்றி வலித்தது; அவளுக்கும் ஓர் அமைதியான பொழுது வேண்டியிருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வீடு அமைதியாக இருந்தது. நாற்காலியிடம் யாரும் பேசவில்லை. "பாத்தியா!" என்றான் மகன், நல்ல கொள்முதல் செய்தவன் முகத்தோடு. சிறுநீர் டெஸ்டுக்கு வாங்கி வைத்த புட்டி அலமாரியிலேயே இருந்தது. "அதான் அடங்கிட்டாரே, இனி எதுக்கு?"

மாலையில் பெரியவர் கேட் வரை நடக்கவில்லை. "அசதி" என்றான் மகன்.

புதன் காலை அவரால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. மருமகள் கையைத் தூக்கிப் பார்த்தாள். கதவுக் கீல் துருப்பிடித்தது போல், விட்டு விட்டு மடங்கியது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கண்கள் மட்டும் அவளைத் தொடர்ந்தன. பழக்கத்தில் கத்தரிக்கோலைக் கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை, கத்தரிக்கோல் போர்வையில் விழுந்தது.

"ஏங்க, இது தூக்கம் இல்ல. முழிச்சுக்கிட்டிருக்கார். உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கார்."

"நாளைக்கு வியாழக்கிழமைதானே? நீ ஸ்கூலுக்குப் போ. நான் வீட்டுலதான் இருக்கேன்."

போனாள். ஆய்வகத்தில் மனம் ஓடவில்லை. மேல் அடுக்கில் ஒரு புட்டி, பெயர்ச்சீட்டு உரிந்து நின்றது. உள்ளே நிறமில்லாத திரவம். தண்ணீராக இருக்கலாம், கையைப் பொசுக்கும் அமிலமாகவும் இருக்கலாம். பெயர் இல்லாத புட்டியை யாரும் தொடக் கூடாது, தனியே ஒதுக்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. அவளே புது மாணவர்களுக்குச் சொல்லுவது. புட்டியை ஒதுக்கி வைத்தவள் அப்படியே நின்றாள். பள்ளியில் தண்ணீர் போன்ற ஒன்றுக்கு இவ்வளவு கெடுபிடி. வீட்டில் ஒரு மனிதரின் வாயில் பேர் தெரியாததை நாலு வேளை போட்டாயிற்று.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குள் வீட்டுக்கு வந்தாள். மாமாவின் உடம்பு கொதித்தது. மூன்று மணி மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தாள். புரையேறியது, தண்ணீர் மூக்கு வழியே வந்தது. மாத்திரை உள்ளே போனதா என்று தெரியவில்லை.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க!"

"என்னன்னு சொல்றது? சாயங்கால மாத்திரையைக் கொஞ்சம் முன்னாடியே குடுத்துப் பாப்போம், தூங்கினா சரியாயிடும். பொடி பண்ணித் தேன்ல கலக்கறேன். தொண்டையில இறங்கிடும்."

அவள் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். கத்தரித்த அட்டைத் துண்டு கிடைத்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தெருமுனையில் இருந்த வழக்கமான மருந்துக்கடைக்கு ஓடினாள்.

மருந்துக்கடை அம்மா துண்டை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பேச்சுக்காரி, ஒரு இருமல் மருந்துக்கு ஊர்க்கதை முழுக்கச் சொல்பவர். அன்று முகம் வெளுத்தது.

"இது யாருக்கு?"

"மாமாவுக்குக்கா."

"உங்க மாமாவுக்கா? மாசாமாசம் என்கிட்ட பார்க்கின்சன் மாத்திரை வாங்கறியே, அவருக்கா? எத்தனை போச்சு?"

"நாலு."

"அஞ்சாவது போகக் கூடாது! ஓடு. இல்ல, நில்லு, முதல்ல போன் பண்ணு."

போன் அடித்தது. மகன் எடுக்கவில்லை. ஒரு கையில் அப்பாவின் தாடை, ஒரு கையில் கரண்டி. மூன்றாவது கை அவனுக்கு இல்லை.

"வாயைத் தெறங்கப்பா. கொஞ்சம்தான். தேன்தான்பா."

பெரியவரின் பற்கள் கிட்டியிருந்தன. அவன் கட்டை விரலால் உதட்டை விலக்கினான். கண்கள் அவனையே பார்த்தன. பேரத்தில் அந்தக் கண்களை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். எதிராளியின் மனதைத் துழாவும் கண்கள். இப்போது அவை கெஞ்சின. அவனுக்கு அது புரியவில்லை. பல்லுக்கு நடுவே சந்து கிடைத்தது. கரண்டியைச் சாய்க்கப் போனான்.

வாசற்கதவு சுவரில் மோதிய சத்தம். மருமகள் வந்த வேகத்தில் அவன் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி தரையில் சுழன்றது. கணவனை அதுவரை ஒருமையில் பேசியிராதவள் கத்தினாள்: "கொல்லப் பாத்தியே!"

ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் பெரியவரின் கையை மடக்கினார், காய்ச்சல் பார்த்தார், திரும்பினார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? யாரெல்லாம் எழுதினது?"

மகன் வாயைத் திறந்தான். நாற்பது வருடக் குடும்பப் பழக்கம் குறுக்கே நின்றது. பக்கத்தில் மனைவி நின்றாள், அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சட்டைப்பையில் கைவிட்டான். ஒரு சீட்டை மேசையில் வைத்தான். பர்ஸுக்குள்ளிருந்து இன்னொரு சீட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"இது நரம்பு டாக்டர் சீட்டு. இது அவங்களுக்குத் தெரியாம வேற டாக்டர்கிட்ட வாங்கினது. அவர்கிட்ட பார்க்கின்சன்னு சொல்லல. நான்தான் சொல்லல. தன்னைக் கேக்காம வேற மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. அதை வீட்டுலயும் சொல்லல."

இளம் டாக்டர் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கோபப்பட நேரமில்லாதவர் போல, அடுத்த நிமிடமே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டார். ஹாலோபெரிடால் நின்றது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, பழைய மாத்திரை நேரம் தவறாமல் உள்ளே போனது. காய்ச்சலுக்கு ஊசி வழியாக மருந்தேறியது. சிறுநீரில் கிருமி இருந்தது. திங்கட்கிழமையே அந்தப் புட்டி போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். மகன் எழுந்து சுவரோரம் நின்றான்.

"இந்த வியாதியில மூளையில டோபமின்னு ஒண்ணு குறைஞ்சுபோகுது. அதாலதான் கைகால் இறுகுது. நான் குடுக்கிற மாத்திரை அதை ஈடு கட்டுது. நீங்க குடுத்தது, அந்த டோபமின் வேலை செய்யற இடத்தையே அடைச்சுடுது."

"ஒரு கையால சரக்கு இறக்கிட்டு, இன்னொரு கையால ஷட்டரை இழுத்து விட்டிருக்கேன்" என்றான் அவன்.

"அப்படித்தான். வேற பேருல இந்த மாதிரி மாத்திரைங்க இன்னும் இருக்கு. வாந்திக்குக் குடுக்கறதுல கூட, மெட்டோகுளோபிரமைடு மாதிரி, ஆகாதது இருக்கு."

"அப்ப அந்தத் திருடனுங்க திரும்ப வந்தா?" மருமகள் கேட்டாள். "மருந்தே கிடையாதா மேடம்?"

"இருக்கு. ஆனா முதல்ல காரணத்தைத் தேடணும். கிருமியா, தண்ணி குறைஞ்சிருக்கா, வேற மாத்திரையோட வேலையான்னு பாக்கணும். அப்புறம் என் மாத்திரையையே கொஞ்சம் குறைச்சுப் பாப்பேன். அதை நீங்களா குறைக்கக் கூடாது. அப்பவும் அடங்கலைன்னா ஒத்துப்போறது ஒண்ணு ரெண்டு இருக்கு. குயெட்டியபின் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். குளோசபின் இருக்கு, அதுக்கு விடாம ரத்தம் பாக்கணும். இந்த வயசுல எதுவுமே நூத்துக்கு நூறு பத்திரம் இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் குடுக்கணும்."

மகன் மனநல டாக்டரிடமும் போய் நடந்ததைச் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க மறைச்சது தப்பு. பாக்காம எழுதினது என் தப்பு. அந்தப் பேரத்துல நான் தோத்திருக்கக் கூடாது." அடுத்த வாரம் அவர் அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'நோயாளி வராமல் மருந்துச் சீட்டு இல்லை.'

பெரியவர் பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு வந்தது, விழுங்க முடிந்தது. ஆனால் போனது முழுக்கத் திரும்பவில்லை. தடி போய், நாலு கால் உள்ள நடைச்சட்டம் வந்தது. கத்தரிக்கோலைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் தேறவில்லை. மீசையை இப்போது மகன்தான் கத்தரிக்கிறான். ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கண்ணாடியில் அதைப் பார்த்தாலும் பெரியவர் திட்டுவதில்லை. திட்டியிருந்தால் மகனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் எழுதத் தயாராகிக் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

மகன் துணிப்பையை மேசையில் கவிழ்த்தான். மாத்திரை அட்டைகள், பெயர் கிழியாமல். நரம்பு டாக்டர் சீட்டு, மனநல டாக்டர் சீட்டு, ஆஸ்பத்திரித் தாள். அவற்றோடு மருமகள் ஆய்வகப் புட்டிக்கு எழுதுவது போலக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை: 'பார்க்கின்சன் நோயாளி. ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு ஆகாது. புது மருந்து எதுவானாலும் முதலில் நரம்பு டாக்டரைக் கேட்கவும்.'

"ஒரு பல்லுக்கு முழுக் கடையையும் விரிச்சுட்டீங்களே!" என்றார் பல் டாக்டர்.

பெரியவர் அறையின் மூலையில் இருந்த காலி ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "அங்க யாராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லப்பா."

"அப்ப சரி. இருந்தா, டோக்கன் வாங்கிட்டு வரச் சொல்லு."

பல் டாக்டர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. கோணல் மீசையைப் பார்த்தபடியே சொன்னான்:

"நாங்க வியாபாரிங்க டாக்டர். முதல் கடைச் சீட்டை ரெண்டாவது கடையில காட்ட மாட்டோம். அந்தப் புத்தியோட ஒரு டாக்டர்கிட்ட போனேன், அப்பாவோட கை போச்சு. கடையில எதை வேணும்னாலும் மறைக்கலாம். டாக்டர்கிட்ட வியாதியையும் மாத்திரையையும் மறைக்கக் கூடாது. அவர் கேக்க மறந்தாலும் நாமளே எடுத்து வெச்சுடணும். அங்க நாம மறைக்கிற சீட்டுக்கு, படுக்கையில கிடக்கிறவர்தான் விலை குடுக்கறார்."